முத்திரையார் நிலுவை வென்ற படலம்

வாழ்க! மூன்று மாடிக் கல்லூரியின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, வெயில் எட்டிப் பாராத அறையொன்றைத் தலைநகராகக் கொண்டு செங்கோல் செலுத்தும் மாணவர் நிதியுதவி அலுவலகக் கண்காணிப்பாளர் வாழ்க! சட்டைப்பையில் ரப்பர் முத்திரையும், முத்திரையின் பிடியில் கறுப்புக் கயிறும், கயிற்றின் மறுமுனையில் சட்டைப் பொத்தானும் தாங்கி, குளிக்கும் நேரம் நீங்கலாக அம்முத்திரையைப் பிரியாத காரணத்தால் முத்திரையார் என்று நண்பராலும் பகைவராலும் ஒருங்கே அழைக்கப்பட்ட பெருந்தகை வாழ்க! 'நாளைக்கு வா' என்னும் ஒற்றைக் கணையால் நாற்றிசை மாணவரையும் வீழ்த்தியவர். கேட்டு வந்தோரைக் கேட்டது கொடாமலே களைப்படையச் செய்யும் கலையில் கரை கண்டவர். தாம் இல்லாத வேளையிலும் நாற்காலி முதுகில் தொங்கும் தம் மேற்சட்டையைக் கொண்டே ஆட்சி நடத்தியவர். இவர் புகழைப் பாடப் புகுந்த நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

காவியம் செய்வோர் முதலில் காப்புப் பாடுவது மரபு. நாமும் பாடுகிறோம். குண்டூசியே, கோப்புகளின் தாயே, எம் விரலைக் குத்தாது காத்தருள்! பசைப் புட்டியே, இறுகிய உன் மூடி இன்றேனும் திறப்பதாக! அச்சுப்பொறியே, ஆய்வு நாளில் மட்டுமாவது காகிதத்தைக் கடித்து மெல்லாதிரு! மின்விசிறியே, மெல்லச் சுழல். உன் காற்றில் எழுந்து பறக்கும் வருமானச் சான்றிதழைத் துரத்திப் பிடிக்க இந்த அறையில் யாருக்கும் தெம்பில்லை.

இவ்வாறு காலைத் தேநீரும் மதியத் தூக்கமுமாக நாடு செழித்திருந்த காலத்தில் ஓலை வந்தது. நிதியுதவி அலுவலகங்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்க மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் எழுந்தருளுவார் என்றது அவ்வோலை. விதி இணக்க ஆய்வு என்பது அந்தப் படையெடுப்பின் திருநாமம். கேட்ட மாத்திரத்தில் கல்லூரி முதல்வரின் முகம் வெளுத்தது. முத்திரையாரின் தொப்பை ஒரு கணம் மூச்சற்று நின்றது. முதல்வர் அவரைத் தம் குளிரூட்டிய அவைக்கு வரவழைத்து, "பெண்டிங்னு ஒரே ஒரு விண்ணப்பம்கூட இருக்கக் கூடாது. நல்லபடியா முடிஞ்சா உங்களுக்கு முதுநிலைப் பதவி. தனி ரூம், தனிக் கதவு" என்று பிரகடனம் செய்தார். தனிக் கதவு! காலமெல்லாம் ஒரு சின்ன ஜன்னலை மட்டுமே சாத்தி வந்த கைக்கு, ஆளுயரக் கதவையே சாத்தும் பேறு! முத்திரையாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நிலுவை என்பது யாது? அறியாதார்க்குச் சொல்வோம். பருவத் தொடக்கத்தில் மாணவர்கள் உதவி வேண்டி விண்ணப்பம் தருவார்கள். கோப்பு அக்கா என்று எல்லோரும் அழைக்கும் மூத்த எழுத்தர் அதைப் பிரித்து, சான்றிதழ்களைச் சரிபார்த்து, எண் கொடுப்பார். முத்திரையாரின் மனைவியின் தம்பியும், அந்த ஒரே தகுதியால் அவ்வலுவலகத்தில் அமர்ந்தவனுமாகிய மச்சினன் அதைக் கணினியில் ஏற்றுவான். அதன்பின் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று: முத்திரை. அந்த ஒன்றுதான் விழாது. கேட்டதும் போட்டுக் கொடுத்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்பது முத்திரையாரின் ஆட்சித் தத்துவம். விண்ணப்பங்கள் ஊற வேண்டும் என்பார். அவை ஊறி, பழுத்து, மூலைகள் சுருண்டு, அலமாரியிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து மறுபடியும் அலமாரியை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தன.

அந்தக் குவியலின் நடுவில் எங்கோ கிடந்தது நீலப்பைக்காரியின் விண்ணப்பம். முத்திரையாருக்கு அவள் முகம் தெரியாது. ஜன்னலின் திறப்பு அவ்வளவு தாழ்வானது. குனியாமல் பேசுகிறவர்களின் தோளிலிருந்து இடுப்புவரைதான் உள்ளே தெரியும். அவளைப் பொறுத்தவரை தெரிந்தது தோளில் தொங்கும் ஒரு நீலத் துணிப்பை. இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவர். கட்டணம் செலுத்தக் கடைசி நாளும் ஆய்வு நாளும் ஒன்றாகவே வாய்த்திருந்தன. அன்று மாலைக்குள் நிதியுதவி ஆணையைக் கட்டணக் கவுன்டரில் காட்டாவிட்டால் அவள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

"சார், என்னோடது என்னாச்சு?" என்று நாள்தோறும் நீலப்பை கேட்கும்.

"ஆய்வு முடியட்டும்மா" என்று நாள்தோறும் முத்திரை சொல்லும்.

மந்திராலோசனை கூடியது. அமைச்சர்கள் இருவர்: கோப்பு அக்காவும் மச்சினனும். நிலுவையை ஒழிப்பதெப்படி என்று வேந்தர் வினவ, கோப்பு அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "இதுல என்ன சார் இருக்கு? எல்லாமே ரெடி. உக்காந்து முத்திரையைப் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றார். அவை அதிர்ந்தது. கோட்டையைக் காக்க வழி கேட்டால் கதவைத் திறந்துவிடச் சொல்கிறாளே இவள் என்று முத்திரையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவசரப்பட்டு முத்திரை போட்டு, அதிலொரு தவறு அகப்பட்டால் பொறுப்பு யாருக்கு? போடாத முத்திரையில் தவறு கண்டவர் உலகில் உண்டா? இந்த நுட்பமெல்லாம் அக்காவின் மண்டையில் ஏறாது என்று அவர் மச்சினன் பக்கம் திரும்பினார்.

மச்சினனுக்கு வேலை வராது, யோசனை வரும். "பெண்டிங் இருக்கக் கூடாதுன்னுதானே மாமா சொன்னாங்க? இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றான்.

அலுவலகத்தில் மாமா என்று அழைக்கலாகாது என்பது அவனுக்கிடப்பட்ட கட்டளை. அன்று வேந்தர் அதை மன்னித்தார். சாணக்கியம் பொங்கும்போது உறவுமுறையையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

ஆதலின் வெட்சி சூடினார் முத்திரையார். அந்நாள் வீரர் பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து ஓட்டினர். இந்நாள் வீரர் தம் நிரையைத் தாமே கவர்ந்து ஓட்டினார். கட்டுக் கட்டாக விண்ணப்பங்கள் கிளம்பின. சணல் கயிறு இறுக, தூசி விண்ணை முட்ட, தும்மல் முரசு திசையெங்கும் அதிர, மச்சினன் முன்னே இழுக்க, காவலாளி பின்னே தள்ள, மைதானத்து ஓரத்திலிருந்த விளையாட்டுப் பொருள் அறையை நோக்கித் தள்ளுவண்டி உருண்டது. அங்கே கிழிந்த மெத்தைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் பின்னால் மாணவர்களின் ஏழ்மை முழுவதும் பத்திரமாக அடுக்கப்பட்டது. அறையைப் பூட்டிச் சாவியைத் தம் இடுப்புப்பையில் போட்டுக்கொண்ட விளையாட்டு ஆசிரியர், கைப்பந்து அணியை அழைத்துக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பிவிட்டார். கணினியில் அந்த விண்ணப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டது' என்று மச்சினன் பதிந்தான். அதில் பொய் ஒன்றுமில்லை. விளையாட்டும் ஒரு பிரிவுதான்.

நிலுவை ஒழிந்தது. இனி நொச்சி, கோட்டையைச் செப்பனிடும் வேலை. முத்திரையாரின் நால்வகைப் படை எழுந்த கோலத்தை என்னென்போம்! சக்கரம் பூட்டிய நாற்காலிகள் தேர்ப்படையாக, அதிலும் ஒரு சக்கரம் கழன்றது முடத்தேராக முன் வந்தன. இரும்பு அலமாரிகள் யானைப்படை. தள்ளினாலும் நகராதவை, நகர்ந்தால் காலில் ஏறுபவை. அச்சுப்பொறி ஒன்றே குதிரைப்படை. அது கனைத்தது, ஓடவில்லை. துடைப்பமேந்திய காவலாளி காலாள். இப்படையைக் கொண்டு ஆண்டாண்டாய்ச் சேர்ந்த ஒட்டடையைத் தாக்கியபோது, மூலையில் குடியிருந்த சிலந்தி, பரம்பரை நிலத்தை இழந்த குடியானவனைப் போல முத்திரையாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே வெளியேறியது. 'மாணவர் நலனே எங்கள் மூச்சு' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பலகை வந்தது. அதை மாட்ட ஆணி அடிக்கும் சத்தத்தில், வெளியே ஜன்னலைத் தட்டிய நீலப்பைக்காரியின் சத்தம் உள்ளே கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பயனில்லை. ஆய்வு ஏற்பாட்டை முன்னிட்டு ஜன்னல் சாத்தப்பட்டுவிட்டது. தாழ்வாரத்தில் மாணவர்கள் காத்திருந்தால் வேலை தேங்குகிறது என்று ஆய்வாளர் எண்ணக்கூடும். ஆகவே காத்திருக்கும் பெஞ்சும் அகற்றப்பட்டது. பெஞ்சு போன பிறகும் சுவரில் சாய்ந்து சிலர் நின்றார்கள். "இங்க நிக்காதீங்கம்மா, எங்க வேலைக்கு உலை வெச்சிராதீங்க" என்று காவலாளி கும்பிட்டு விரட்டினார். ஆய்வு நாள் விடிந்தபோது நிதியுதவி அலுவலகத்தைச் சுற்றி உதவி தேவைப்படுகிற ஓர் உயிர்கூட இல்லை. இதைவிடச் சிறந்த ஆட்சி உண்டா?

வந்தார் ஆய்வு அதிகாரி. யானை மேல் வரவில்லை. கறுப்புக் கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக, குளிர் பிடித்த மூக்கோடு நடந்து வந்தார், நடுவயதுப் பெண்மணி. மூச்சு என்று எழுதிய பலகையைப் பார்த்துவிட்டுத் தும்மினார். எந்தக் கோப்பைக் கேட்டாலும் பளபளவென்று வந்து நின்றது. இந்தப் பருவத்து விண்ணப்பங்கள் எத்தனை முடியாமல் உள்ளன என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லைங்க மேடம்" என்று முத்திரையார் கர்ஜித்த கர்ஜனையில் மேசை மேலிருந்த குண்டூசிகள் சிலிர்த்தன. வாகைப்பூவின் வாசனை அவர் நாசியை எட்டிவிட்டது. தனிக் கதவுக்கு என்ன நிறத்தில் பூட்டு வாங்கலாம் என்பது வரைக்கும் அவர் மனம் போய்விட்டது.

அப்போதுதான் அதிகாரி தம் தாளின் அடுத்த பகுதியைத் திருப்பினார். "சரி, இப்ப கைவசம் இருக்கற ஒரு விண்ணப்பத்தை எடுங்க. என் கண்ணு முன்னாடி முடிச்சுக் காட்டுங்க. இதுக்குத்தான் பாதி மார்க்."

"அதான் மேடம், பெண்டிங்கே இல்லையே."

"அப்ப இந்தப் பகுதிக்கு நான் பூஜ்யம்தானே போடணும்?"

இடி விழுந்த மரமெனவும், கடைசிப் பேருந்தைக் கோட்டைவிட்டவன் எனவும் நின்றார் முத்திரையார். நிலுவை இருந்தால் தோல்வி என்று நினைத்திருந்தார். இல்லாமையும் தோல்வி என்று ஓலையின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது. பின்பக்கத்தை யாரும் திருப்பவில்லை. படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மூவர் இருந்தும் திருப்பவில்லை. தனிக் கதவு அவர் கண்ணெதிரே மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டது, அவர் வெளிப்புறத்தில் நிற்க.

"மாமா!" என்று அலறினான் மச்சினன், அதிகாரி கேட்கவே. "அந்த நீலப்பைப் பொண்ணு கேட்டாண்ட நின்னுச்சு மாமா, வரும்போது பாத்தேன்!"

"ஓடு!" என்றார் வேந்தர். வரலாற்றில் அவர் விடுத்த மிகச் சுருக்கமான ஆணை அதுவே.

ஓடினான் மச்சினன். வாழ்நாளில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டுமே ஓடிப் பழகிய அந்தக் கால்கள் புழுதி பறக்க, செருப்பொன்று வழியில் வீழ, வாயிலைக் கடந்து பேருந்து நிறுத்தம் வரை பாய்ந்தன. விரட்டப்பட்டவள் ஓர் ஓரமாக நின்று அம்மாவிடம் தொலைபேசியில் என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். மீட்கப்பட்ட அரசகுமாரிக்குரிய மரியாதையோடு அவள் அழைத்துவரப்பட்டாள். பெஞ்சு அகற்றப்பட்டிருந்ததால் முத்திரையாரின் தேரையே அவளுக்கு இருக்கையாகத் தந்தார்கள். கோப்பு அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். முத்திரையார் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். முகம் இருந்தது.

"புது விண்ணப்பம் எழுதும்மா" என்றார், தேன் சொட்ட.

"நான்தான் சார் ஏற்கனவே குடுத்து..."

"ஆஹா, எவ்வளவு ஆர்வம் பாருங்க மேடம் இந்தப் பிள்ளைக்கு!" என்று முத்திரையார் இடையில் புகுந்து முழங்கினார். அவள் அவரைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு பேனாவை எடுத்தாள். அவளுக்கு வேண்டியது நியாயம் அல்ல, ஆணை. சான்றிதழ்கள் நீலப்பையிலேயே இருந்தன. தினமும் தூக்கிக்கொண்டு அலைந்தவளாயிற்றே.

அதன்பின் நிகழ்ந்ததைக் காண விண்ணோர் திரண்டிருந்தால் அவர்களும் வாய் பிளந்திருப்பர். கோப்பு அக்கா சரிபார்த்தார். புதிய எண் பிறந்தது. மச்சினன் ஏற்றினான். முத்திரையார் எழுந்தார், கயிறு நெடிது நீள, கை வானுற ஓங்க, மை பூசிய முத்திரை, மலையுச்சியிலிருந்து பாயும் பருந்தெனத் தாளின் மேல் இறங்கியது. டொக்! அச்சுப்பொறிகூட அன்று மெல்லவில்லை. ஊற வேண்டும், பழுக்க வேண்டும் என்று பருவம் முழுதும் கிடத்தி வைத்த வேலை, அதிகாரியின் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஆணை அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் நன்றி சொன்னாளே என்று நமக்குத்தான் வயிறு எரிகிறது.

அதிகாரி நெகிழ்ந்தார். "இவ்வளவு வேகமா முடிக்கற ஆபீஸை நான் எங்கயும் பாத்ததில்லை" என்று வாயாரப் புகழ்ந்து, முழு மதிப்பெண் இட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு விடைபெற்றார். "சாயங்காலம் கணினிக் கணக்கு மேலிடத்துக்கு வந்ததும் அறிக்கை வெளியாயிரும்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். முதல்வர் வந்து முத்திரையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாகை! வாகை!

அந்த வெற்றி முழக்கத்தின் நடுவே, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் தொண்டையைக் கனைத்தான். "மாமா... சார். அந்தப் பொண்ணு பேர்ல ரெண்டு நம்பர் காட்டுது. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. சிவப்புல வருது."

ஒருவருக்கு ஒரு விண்ணப்பமே என்பது விதி. இரண்டிருந்தால் மாலைக் கணக்கில் அது தெரியும். பழையது எங்கே என்று மேலிடம் கேட்கும். வேறு பிரிவு எது என்று கேட்கும். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மெத்தைக்குப் பின்னாலிருக்கும் மூட்டை முழுவதும் வெளியே வந்து விழும். முத்திரையார் வாசலுக்கு ஓடினார். கட்டணக் கவுன்டரை நோக்கித் தாழ்வாரத்தில் பாதி தூரம் போயிருந்தாள் அவள்.

"நில்லும்மா! அந்த ஆணையைக் கொஞ்சம் குடு."

அவள் திரும்பி வந்து கொடுத்தாள். கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"பழசை ரத்து பண்ணுங்க சார். இது இருக்கட்டும்" என்றார் கோப்பு அக்கா.

"பழசு கையில இல்லாம எப்படி ரத்து பண்றது? வேறு பிரிவுக்குப் போனதைத் திரும்ப எடுக்கணும்னா காகிதம் வேணும். காகிதம் அந்த ரூம்ல. சாவி கைப்பந்தாட்டத்துல."

"பூட்டை உடைக்கலாமே சார்!"

"உடைக்க யாரு அனுமதி குடுப்பா? விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சார், இன்னைக்குத்தான் சார் கடைசி நாள்" என்றாள் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "எங்கம்மாகிட்ட இப்பதான் போன்ல சொன்னேன், கிடைச்சிருச்சுன்னு."

ஒரு கணம், மெய்யாகவே ஒரு கணம், முத்திரையாரின் கை தயங்கியது என்று நாம் எழுத வேண்டும். பொய் சொல்லவும் காவியத்தில் இடமுண்டு. அந்தக் கை தயங்கவில்லை. அது மேசை இழுப்பறையைத் திறந்து, ஆண்டாண்டுக் காலம் பயன்படாதிருந்த இன்னொரு முத்திரையை, 'ரத்து' என்னும் மூன்றெழுத்துப் பிரம்மாஸ்திரத்தை வெளியே எடுத்தது.

எடுத்து, ஊதி, மைப்பெட்டியில் தோய்த்து, விதியின் காவலர், இணக்கத்தின் இமயம், நிலுவைக் குலத்தை வேரறுத்த வித்தகர், முழு மதிப்பெண்ணைப் பெற்றெடுத்த பெருமான், தனிக்கதவுத் தனியரசர், முதுநிலை முடிசூடப் போகும் முத்திரையார், மச்சினன் மெய்சிலிர்க்க, காவலாளி கைகட்டி நிற்க, கோப்பு அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, மாணவர் நலனே மூச்சென்ற பலகை தலைக்குமேல் குடையெனக் கவிய, ஈரேழு உலகும் கிடுகிடுக்க ஓங்கி அடித்தார், டொக்கென்று.

அந்தப் பெண் அந்த வருஷம் படிக்கவில்லை.